குரலும் துத்தமும் யாருடைய சொற்கள்?

ஆரோகணம், ஆலாபனை, சம்பூர்ணம், ஔடவம்! சொற்கள் செவியில் விழுகின்றன; பொருள் நெஞ்சில் பதிவதில்லை. "இசை கற்றோர்க்கு உரியது, நமக்கேது?" என்று விலகுகிறான் இளைஞன். விலகட்டும் என்று விரும்புவோரும் உண்டு!

உண்மை என்ன, தோழர்களே? திருப்பூருக்கு வடகிழக்கே விசயமங்கலம். அதன் பக்கத்து ஊராகிய நிரம்பையைச் சேர்ந்தவர் அடியார்க்குநல்லார் என்பர். சிலப்பதிகாரத்திற்கு அவர் வரைந்த உரை, 1892-இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பில் அச்சேறியது. பண்டைத் தமிழரின் இசைச் சொற்களுக்கு அவ்வுரை ஒரு கருவூலம்.

சுரம் ஏழுக்கும் தமிழில் பெயருண்டு: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். ஆலாபனைக்கு ஆளத்தி. ஏழு சுரமும் நிரம்பியது பண், அதுவே சம்பூர்ணம். ஆறு கொண்டது பண்ணியல், ஐந்து கொண்டது திறம், அதுவே ஔடவம். மோகனம் ஐந்து சுரம் உடையது, ஆகவே திறம். சுரங்களுக்கிடையே உள்ள உறவுக்கோ இணை, கிளை, பகை, நட்பு என்று பெயர். வீட்டிலும் வீதியிலும் வழங்கும் சொற்கள்! இதில் மருட்டுவது எது? மறைப்பது எது?

அயற்சொல் என்பதாலா நாம் சினக்கிறோம்? இல்லை. திருப்பூர்ப் பனியன் தொழிலாளி 'ஓவர்லாக்', 'பவர் டேபிள்' என்று நாள்தோறும் பேசுகிறார். அச்சொற்கள் அவரை அச்சுறுத்தவில்லை. பொருள் அவர் கைக்கு வசப்பட்டுவிட்டது. சொல் வடக்கிலிருந்து வந்தது குற்றமன்று. பொருளைப் பூட்டி வைத்து, பிறப்பையே அதன் சாவியாக்கியதுதான் குற்றம்!

அந்தப் பூட்டை உடைக்கப் பலர் உழைத்தனர். 1917-இல் ஆபிரகாம் பண்டிதர் 'கருணாமிர்த சாகரம்' தந்தார். 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1947-இல் விபுலாநந்தரின் 'யாழ்நூல்' வெளிவந்தது.

பழைய இசைநூல்கள் பல அழிந்தன என்று அடியார்க்குநல்லாரே தம் உரையில் குறித்துள்ளார். எனினும், அவர் கையாண்ட 'பஞ்சமரபு' 1970-களில் தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் அச்சு வடிவம் பெற்றது. ஏடு காத்தது கறையானின் கருணையன்று, மனிதனின் உழைப்பு.

ஆகவே இளைஞனே, அடுத்த முறை இசையரங்கில் புரியாத சொல்லைக் கேட்டால் தலைகுனியாதே. "இதன் பொருள் என்ன?" என்று கேள். கேள்விக்கு அஞ்சும் கலை நிலைக்காது. விடை கூறும் கலை எல்லோர்க்கும் உரியதாகும்.