செங்கலடியிலிருந்து செல்லும் சாலைகளும் தேசியச் சின்னங்களும்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையும், பேராதனையிற் புறப்பட்டு நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கே இறங்கும் நெடுஞ்சாலையும் சந்திக்கும் இடம் செங்கலடியாகும். வயலும் வாவியும் சூழ்ந்த இச்சந்தியிலிருந்து பாடசாலை விடுமுறைக் காலங்களில் வைகறைப் பொழுதிலேயே வாடகை வான்கள் புறப்படுகின்றன. பாட்டன் பாட்டி முதல் கைக்குழந்தை ஈறாக ஒரு குடும்பம் முழுவதும் கட்டுச்சோற்றுடன் ஏறிக்கொள்ள, வண்டி வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான் எனும் ஊர்களைத் தாண்டி, புணானை, வெலிக்கந்தை வழியாகப் பொலன்னறுவையை அடைகின்றது. அதன்பின் சிகிரியா, தம்புள்ளை, அநுராதபுரம், கண்டி என்பன தொடர்கின்றன. சிலர் கொழும்பு நூதனசாலைவரை செல்கின்றனர். இப்பயணங்களிற் காணப்படுபவை எவை, காணப்படாது கடந்து செல்லப்படுபவை எவை என்னும் வினாக்கள் வெறும் பொழுதுபோக்குச் சார்ந்தவையல்ல. கிழக்கிலங்கையில் வரலாற்றுச் சின்னங்கள் இன்று பெற்றுள்ள முக்கியத்துவம் காரணமாக அவை ஆராயத்தக்கவையாகின்றன.

குடும்பமாகச் சென்று பழம்பெருமை வாய்ந்த இடங்களைக் காணும் வழக்கம் மோட்டார் வண்டியோடு தோன்றியதன்று. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே, எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையில் அங்கு வந்தோர் கீறிச் சென்ற பாடல்களுள் 685 பாடல்களைப் படித்துப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956இல் வெளியிட்டார். அரண்மனை கைவிடப்பட்டுச் சில நூற்றாண்டுகளின் பின்னர், ஓவியங்களைக் காண்பதற்கென்றே பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தனர் என்பதற்கு இச்சுவர் சான்றாகும். மட்டக்களப்பு மக்களைப் பொறுத்தவரையில், அவர்களின் பயண மரபு யாத்திரையோடு இணைந்தது. மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தமும், கொக்கட்டிச்சோலைத் தேரும், திருக்கோவில், உகந்தை வழியாகக் காடு கடந்து செல்லும் கதிர்காமப் பாதயாத்திரையும் குடும்பங்களை வழிநடத்தின. உள்நாட்டை நோக்கிய பாதையும் பழமையானதே. 1602இல் மட்டக்களப்புக் கரையில் இறங்கிய ஒல்லாந்தக் கடற்றலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், முதலாம் விமலதர்மசூரியனைக் காண்பதற்காக இங்கிருந்தே கண்டிக்குச் சென்றான்.

எனினும் சின்னங்களை அரசு பேணுதலும், பொதுமக்கள் அவற்றைக் கண்டு கற்றலும் என்ற ஏற்பாடு பிரித்தானியர் காலத்தது. ஆளுநர் சேர் வில்லியம் கிரகரியின் முயற்சியாற் கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. 1890இல் எச். சி. பி. பெல்லின் தலைமையில் தொல்பொருளாய்வுப் பகுதி இயங்கத் தொடங்கிற்று. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம், கண்டி உடன்படிக்கை நாளாகிய 1815 மார்ச் 2ஐ எல்லையாகக் கொண்டு, அதற்கு முற்பட்ட சின்னங்களைப் பாதுகாப்புக்குரியவையாக்கிற்று. 1928இல் மட்டக்களப்புக்குப் புகையிரதம் வந்தது. பொலன்னறுவைப் பகுதி வழியாக அமைந்த அப்பாதை கிழக்குக் கரையையும் பழைய தலைநகரையும் ஒரே தொடரில் இணைத்தது. 1982இல் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகியன யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. இவ்வளர்ச்சியில் ஆய்வும் நிதியும் பெரும்பாலும் அரச தலைநகரங்களை நாடியே சென்றன. மாகாணங்களின் வரலாறு தலைநகரங்களின் ஓரக்குறிப்பாகவே அமைந்தது. சுற்றுலாச் செல்லும் குடும்பத்தின் பார்வையையும் இவ்வமைப்பே வரையறுத்தது எனலாம்.

ஆயினும் அத்தலைநகரங்கள் ஓரினத்தின் கதையை மட்டும் கூறுவனவல்ல. பொலன்னறுவையில் இன்று நிலைத்து நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது இரண்டாம் சிவாலயம் எனப்படும் வானவன்மாதேவி ஈச்சரமாகும். 1017 முதல் 1070 வரை நீடித்த சோழராட்சியின்போது, முற்றும் கல்லாலேயே எழுப்பப்பட்ட சிறுகோயில் இது. இராசேந்திர சோழனின் தாயார் வானவன்மாதேவியின் பெயரைத் தாங்கியது. அதிராசேந்திரன் காலத் தமிழ்ச் சாசனமும் இங்கு உண்டு. ஜனநாதபுரம் எனச் சோழர் வழங்கிய நகரையே முதலாம் விஜயபாகு வென்று தன் தலைநகராக்கினான். பின்வந்த பராக்கிரமபாகுவும் நிசங்கமல்லனும் அதனை விரிவாக்கினர். நாட்டின் புகழ்மிக்க தலைநகரம், வென்றவரும் தோற்றவரும் அடுத்தடுத்துக் கட்டிய நகரம் என்பது இதனாற் பெறப்படும்.

பொலன்னறுவைச் சிவாலயங்களின் அகழ்வுகளில் வெளிப்பட்ட நடராசர், அம்மன், நாயன்மார் ஆகியோரின் வெண்கலத் திருவுருவங்கள் கலையுலகில் தனியிடம் பெற்றவை. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1914இல் வெளியிட்ட இலங்கை வெண்கலங்கள் பற்றிய நூலிலும், சேர் பொன்னம்பலம் அருணாசலம் எழுதிய ஆங்கிலக் கட்டுரையிலும் இவை ஆராயப்பட்டன. இவற்றுட் பல கொழும்பு நூதனசாலையில் உள்ளன. பொலன்னறுவையில் வெறுமையாய் நிற்கும் கருவறையைக் கண்ட குடும்பம், கொழும்பிலே கண்ணாடிப் பேழைக்குள் நிற்கும் மூர்த்தியைக் காணும்போதுதான் அக்கோயிலை முழுமையாகக் கண்டதாகும். கோயிலையும் நூதனசாலையையும் ஒரே பயணத்தில் இணைத்துப் பார்ப்பதன் பயன் இதுவே.

இதனினும் ஆழ்ந்து நோக்கற்பாலது வேளைக்காரர் கல்வெட்டு. பொலன்னறுவையில் தந்ததாதுக் கோயில் அமைந்திருந்த வளாகத்தில் நிற்கும் இச்சாசனம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. விஜயபாகு காலத்தில் தேவசேனாபதி எடுப்பித்த தந்ததாதுக் கோயிலைத் தம் பாதுகாப்பில் ஏற்பதாக வேளைக்காரப் படையினர் இதில் உறுதி கூறுகின்றனர். வலங்கை, இடங்கை முதலான பிரிவினரைக் கொண்ட தென்னிந்தியப் படை அது. பௌத்தரின் தலையாய புனிதப் பொருளைக் காப்பதற்குத் தமிழ்ப் படையினர் தமிழ் மொழியிற் செய்துகொண்ட உடன்பாடு நாட்டின் தலைநகரிலே கல்லிற் பொறிக்கப்பட்டது. வேளைக்காரர் விஜயபாகுவுக்கு எதிராகக் கிளர்ந்த காலமும் உண்டு; எனவே இதனை எளிய நட்புக் கதையாகக் கொள்வதற்கில்லை. எனினும் பௌத்தம் என்றாற் சிங்களம், சைவம் என்றாற் தமிழ் என்ற சமன்பாடு பன்னிரண்டாம் நூற்றாண்டு மக்களுக்குத் தெரியாத ஒன்று என்பதை இக்கல் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றது.

அநுராதபுரம் இதே உண்மையை இன்னும் பல நூற்றாண்டுகள் பின்னே கொண்டு செல்கின்றது. அபயகிரிப் பகுதியில் உள்ள பாறையொன்றிற் பிராமி எழுத்தில், பிராகிருத மொழியில் அமைந்த சாசனம் தமிழ் இல்லறத்தாரின் மேடையைக் குறிப்பிடுகின்றது. பரணவிதான 1940இல் வெளியிட்ட இச்சாசனத்தில், இருக்கைக்குரியோரின் பெயர்களும், அவர்களுள் ஒருவன் நாவிகன் என்ற செய்தியும் உள்ளன. கிறித்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளிலேயே தமிழ் வணிகர் தலைநகரில் ஒன்றுகூடி அமர்வதற்கு இடம் பெற்றிருந்தனர். கொழும்பு நூதனசாலையில் உள்ள காலி மும்மொழிக் கல்வெட்டோ கடல்வழித் தொடர்புகளைக் காட்டுகின்றது. 1409ஆம் ஆண்டுத் தேதி கொண்ட அக்கல்லைச் சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ கொணர்ந்தான். சீன வாசகம் புத்தரையும், தமிழ் வாசகம் தென்னாவரை நாயனாரையும், பாரசீக வாசகம் அல்லாவையும் போற்றுகின்றன. 1911இற் காலியில் இக்கல் கண்டெடுக்கப்பட்டபோது, அது மதகொன்றை மூடும் பலகையாகக் கிடந்தது. வரலாற்றுச் சான்றுகள் அழிவதும் எஞ்சுவதும் எத்துணை தற்செயலானவை என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

இச்சின்னங்களைக் காணச் செல்லும் வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1980களின் நடுப்பகுதி தொடக்கம் சோதனைச் சாவடிகளும் மோதல்களும் கிழக்கின் நெடுஞ்சாலைகளைத் துண்டாடின. சின்னங்களும் போருக்குப் புறம்பாக நிற்கவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரியூட்டப்பட்டது. 1985 மே மாதத்தில் அநுராதபுரத்திலே, ஸ்ரீமகாபோதி வளாகத்திலும் வெளியிலும், வழிபட வந்தோர் உள்ளிட்ட பொதுமக்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். 1990 ஆகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 1998இற் கண்டித் தலதா மாளிகை குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. ஒரு சமூகம் போற்றும் இடம் மற்றொரு சமூகத்தின் பகைக்கு இலக்காகும் நிலையை இந்நிகழ்ச்சிகள் தோற்றுவித்தன. 2009இற் போர் முடிவுற்றபின் செங்கலடியிலிருந்து புறப்பட்ட குடும்பங்களிற் பலவற்றில், இத்தலைநகரங்களை முன்னர் கண்டோர் மூத்தோர் மட்டுமே. இளையோர்க்கு அவை பாடநூற் படங்களாகவே இருந்தன.

போர் ஓய்ந்ததும் வழக்கு மண்ணுக்கு மாறியது. கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்வதற்கென 2020 யூனில் அமைக்கப்பட்ட சனாதிபதி செயலணியில் முதலிற் தமிழரோ முஸ்லிம்களோ இடம்பெறவில்லை. மாகாண மக்கட்டொகையின் பெரும்பகுதியினர் இவ்விரு சமூகத்தவர் என்பதால் அச்சமும் எதிர்ப்பும் எழுந்தமை வியப்பன்று. செங்கற் சிதைவொன்று வெளிப்படும் இடத்தில், அது யாருடைய காலத்தது என்ற வினாவுக்கு முன்னரே, நிலம் யாருடையது என்ற வினா எழுகின்றது. இந்நிலையில் இருவகைத் தவறுகள் நேர்கின்றன. பௌத்த எச்சங்கள் யாவும் ஓரினத்தின் குடியிருப்புக்குச் சான்று எனக் கொள்வது ஒன்று. அவ்வச்சத்தினால், பௌத்த எச்சங்கள் இங்கு இருந்தனவே அல்ல என மறுப்பது மற்றொன்று. இரண்டும் சமயத்தையும் மொழியையும் ஒன்றாக எண்ணும் பிழையிலிருந்து பிறப்பவை.

இப்பிழையைத் திருத்தும் சான்று கிழக்கிலேயே உண்டு. செங்கலடிச் சந்தியிலிருந்து வடக்கே செல்லும் சாலை முடியும் திருகோணமலைக்கு அண்மையில், பெரியகுளத்தருகே, வெல்கம் விகாரை அமைந்துள்ளது. சோழர் காலத்தில் இது இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. இப்பௌத்தப் பள்ளிக்கு விளக்குகளும் பசுக்களும் வழங்கியோரின் தானங்கள் தமிழ்ச் சாசனங்களாக அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. அண்மைக் காலம்வரை ஊரார் இதனை நாதனார் கோயில் என்றே வழங்கினர். தமிழ் பேசிய பௌத்தர் வழிபட்ட இத்தலம் பொலன்னறுவைக்குச் செல்லும் வான்களின் வழியில் இல்லை. பெரிய சின்னங்களின் நிழலிலே இத்தகைய சிறிய சின்னங்கள் மறைந்துவிடுகின்றன.

ஆதலின் சுற்றுலாவின் முதற்றரிப்பு ஊருக்கு அண்மையிலேயே அமைதல் பொருந்தும். புளியந்தீவில் 1628இற் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை, 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு கைப்பற்றினர். கண்டி அரசனுக்கும் ஒல்லாந்தருக்குமிடையிலான உடன்படிக்கையும் அதே மாதத்தில் மட்டக்களப்பிலேயே கைச்சாத்தாயிற்று. கரையோர இலங்கையின் பின்னைய ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைத் தீர்மானித்த இடம் செங்கலடியார் நெடுங்காலம் கச்சேரி அலுவலுக்காகச் சென்றுவந்த கோட்டையே. கோயில்களின் வழமைகளையும் குடிமரபுகளையும் அறிய, எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், வித்துவான் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகமும் துணைபுரியும். அவற்றின் செய்திகளைக் கல்வெட்டோடும் அகழ்வோடும் ஒப்புநோக்கி ஏற்பதும் தள்ளுவதும் வரலாற்று மாணவரின் கடமையாகும்.

இக்கடமையில் வந்தாறுமூலையிலே, செங்கலடியின் அயலிலேயே, இயங்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் ஏனைய பல்கலைக்கழகத் தமிழ் மாணவருக்கும் பங்குண்டு. வேளைக்காரர் கல்வெட்டின் பொருளை எளிய தமிழிற் கூறும் ஒரு கைந்நூல், வெல்கம் விகாரைச் சாசனங்களைப் பாடசாலை மாணவர் படிக்கத்தக்க எழுத்திற் பெயர்த்த ஒரு சிறுநூல், கோட்டையின் வரலாற்றை ஒரு தாளில் அடக்கிய குறிப்பு ஆகியவை பெருநிதி வேண்டும் பணிகளல்ல. இவை கையிலிருப்பின், பெற்றோர் கல்லைச் சுட்டிக்காட்டிப் பிள்ளைகளுக்கு விளக்க இயலும். அவ்விளக்கம், அது எங்களுடையது அல்லது அவர்களுடையது என்ற ஒற்றைச் சொல்லோடு முடியாது. எழுப்பியோர் யார், காத்தோர் யார், எம்மொழியிற் பொறித்தனர், எதன்பொருட்டு என்ற வினாக்களாக விரியும். கல்லைக் காணிப் பத்திரமாக அன்றி வரலாற்றுச் சான்றாகப் படிக்கக் கற்ற தலைமுறையே கிழக்கின் சின்னங்களை எச்சமூகத்துக்கும் அச்சமின்றிப் பேணவல்லது.