விடுதலைப் பத்திரம்

சென்ற ஆண்டு இளையாத்தங்குடியில் ஒரு சிறிய ஓட்டு வீடு விலைக்கு வந்தது. காரைக்குடியில் 14 ஆண்டுகளாக வாடகை வீட்டில் இருக்கிறேன். வாங்குவதா, இப்படியே இருந்துவிடுவதா என்று மாதக்கணக்கில் யோசித்தேன். வாடகை, வங்கித் தவணை, பணியில் மிச்சமிருக்கும் ஆண்டுகள் எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தும் கணக்கு எந்தப் பக்கமும் சாயவில்லை. என்னை நிறுத்தியது தரகர் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை. அதைச் சொல்வதற்கு முன் இந்தப் பகுதியின் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று இளையாத்தங்குடி. ஆண் தான் பிறந்த கோயிலைச் சேர்ந்தவனாகவே கடைசிவரை இருக்கிறான். பெண் மணமானதும் கணவனின் கோயிலைச் சேர்ந்தவளாகிறாள். வீட்டுரிமையும் அந்த வழியிலேயே போனது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் மணமான மகன்களுக்குரியவை. கல்யாணத்துக்குப் பிறகு ‘வேறு வைத்து’ ஒவ்வொரு மருமகளுக்கும் தனி அடுப்பு. அவள் கொண்டுவந்த பித்தளையும் வெள்ளியும் பட்டும் அந்த அறைக்குள் பூட்டப்பட்டன. நகரத்தார் பெண்களின் சொத்துரிமையை ஆராய்ந்து 1998இல் நூல் எழுதிய யூகோ நிஷிமுரா, சீர்ப்பொருள்மீது பெண்களுக்கு இருந்த உரிமையை விரிவாகப் பேசுகிறார். அறைக்குள் இருந்த சாமான் அவளுடையது. அறை அவளுடையதல்ல.

ஆண்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்த காலத்தில், இந்த வீடுகளை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். நெல்லை அளந்தார்கள், வேலையாட்களுக்குக் கூலி கொடுத்தார்கள், மழைக்கு முன் ஓடு மாற்றினார்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய்ச் செல்வம் சரிந்தபோதும் வீட்டைத் தாங்கிப் பிடித்தவர்கள் அவர்கள்தான். இன்று பல வீடுகள் பங்காளிகள் ஒத்துவராமல் பூட்டிக்கிடக்கின்றன. சில இடிக்கப்பட்டு, தேக்குத் தூண்கள் காரைக்குடிக் கடைகளில் விலைக்கு நிற்கின்றன. அந்தப் பணத்தின் பங்குக் கணக்கில் வீட்டைக் காத்தவர்களின் பெயரைத் தேடினால் அரிதாகவே கிடைக்கும்.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1929 செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது. 1937 சட்டம் விதவைக்குக் கணவனின் பங்கை ஆயுள்வரை அனுபவிக்கத் தந்தது. மகளுக்கு ஒன்றும் தரவில்லை. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் தனிச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. ஆனால் 23ஆம் பிரிவில் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் விலக்கு வைத்தது. ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பாகம் கேட்க முடியாது. மணமாகாதவள், விதவை, கணவனால் கைவிடப்பட்டவள், பிரிந்து வந்தவள் ஆகியோர் அங்கே தங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தமிழ்நாடு 1989இல் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு தந்தது. அதுவும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமாகாதவர்களுக்கு மட்டுமே. 23ஆம் பிரிவு 2005இல்தான் நீங்கியது. அதாவது சுமார் 49 ஆண்டுகள், நிலத்தில் பங்கு கேட்கலாம், பிறந்த வீட்டில் கேட்கக்கூடாது என்பது இந்நாட்டின் சட்டமாகவே இருந்திருக்கிறது.

இனி நான் பார்த்த வீட்டுக்கு வருகிறேன். அது நகரத்தார் வீடல்ல. ஒரு தகப்பன் தன் சம்பாத்தியத்தில் கட்டியது. அவரும் மனைவியும் உயில் எழுதாமல் இறந்துவிட்டார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள். “பொண்ணுங்க ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துருவாங்க மேடம், வில்லங்கம் வராது” என்றார் தரகர். அவங்களுக்கு என்ன கொடுப்பாங்க என்று கேட்டேன். “அதான் சீர் செஞ்சு கட்டிக் குடுத்தாச்சுல்ல?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 2009இல் நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவள்தான். 23ஆம் பிரிவு நீங்கி நான்காண்டு ஆகியிருந்தது, எனக்குச் சட்டமும் தெரியும். அண்ணன் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தார். பங்கு கேட்டால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போக ஒரு வீடு இருக்காதே என்ற பயத்தில் போட்டேன். அந்தப் பத்திரத்தில் யார் எதிலிருந்து விடுதலையானார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. நல்ல சலுகைதான். ஆனால் இரண்டு பெண்களின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத அந்தச் சலுகையை வாங்க எனக்கு மனம் வரவில்லை. விடுதலைப் பத்திரம் வேண்டாம், மூன்று பேரும் விற்பவர்களாகக் கையெழுத்திடட்டும், மூன்று பேர் பெயரிலும் தனித்தனிக் காசோலை தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். “குடும்பத்துக்குள்ள கலகம் பண்ணுறீங்க, வேற ஆளப் பாத்துக்கிறோம்” என்று மகன் போனை வைத்துவிட்டார். நான் வாடகை ஒப்பந்தத்தை இன்னும் 11 மாதத்துக்குப் புதுப்பித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் மூத்த மகள் அழைத்தார்.

“டீச்சர், என் பங்கு எவ்வளவு வரும்?”

மூன்றில் ஒன்று என்றேன். வெகுநேரம் பேச்சில்லை. “நீங்க வாங்கினாலும் சரி, வாங்காட்டியும் சரி, அதை ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நான் கேக்கணும்” என்றார். எழுதி அனுப்பியிருக்கிறேன்.