லோத்தல் மேட்டில் கற்ற பாடம்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுக் குஜராத்துக்கு வந்து குடியேறியவர் நாம். ஆலைகளிலும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் உழைத்து இல்லறம் நடத்துகின்றோம். ஆண்டுதோறும் சங்க மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றிப் பேசுகின்றோம்; பேசக் கேட்டு மகிழ்கின்றோம். ஆனால், தொன்மை எவ்வாறு அறியப்படுகின்றது, அதனை அறிவதற்கு உழைப்போர் யாவர் என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. சென்ற தை மாதத்தில் நம் குடியிருப்பைச் சேர்ந்த சில குடும்பங்களோடு லோத்தலுக்குச் சென்றிருந்தோம். அன்றுதான் அவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது.

அகமதாபாத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், சரக்வாலா என்னும் சிற்றூரின் அருகே உள்ளது லோத்தல். குஜராத்தி மொழியில் இதற்கு 'இறந்தோர் மேடு' என்று பொருள் கூறுவர். 1947-இல் நாடு பிரிந்தபோது ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் பாகிஸ்தானுக்கு உரியவாயின. அந்நாகரிகத்தைச் சேர்ந்த வேறு ஊர்கள் இந்திய எல்லைக்குள் எங்கெங்கு உள்ளன என்று ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினர். அத்தேடலின் பயனாக 1954-இல் எஸ். ஆர். ராவ் இம்மேட்டைக் கண்டறிந்தார். 1955 முதல் இந்தியத் தொல்லியல் துறையின் சார்பில் அவர் தலைமையில் அகழ்வு நடைபெற்றது. ஏறத்தாழ கி.மு. 2400 முதல் கி.மு. 1900 வரை சிறந்து விளங்கிய ஓர் ஊர் வெளிப்பட்டது.

மேட்டில் ஏறி நின்றபோது கண்ணைக் கவரும் காட்சி ஒன்றும் இல்லை. மதுரையிலும் தஞ்சையிலும் கோபுரம் கண்டு பழகிய கண்களுக்குச் செங்கல் வரிசைகளும் வடிகால்களும் கிணறும் என்ன விருந்தாகும்? கட்டுச்சோற்று மூட்டையை நிழலில் இறக்கி வைத்த பெரியவர் ஒருவர், "இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று கேட்டே விட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. தொல்லியல் காட்டும் பொருள்கள் சிறியவை. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்கே அவை பேசும்.

எடுத்துக்காட்டாக, அங்குள்ள பண்டகசாலையை நோக்குவோம். உயர்ந்த மேடையின்மீது மண்கட்டிகளால் அமைந்த அக்கட்டடம் ஒரு காலத்தில் தீக்கு இரையாயிற்று. அத்தீயில் சரக்குகள் அழிந்தன. ஆனால், சரக்கு மூட்டைகளின்மீது ஒட்டப்பெற்றிருந்த களிமண் முத்திரைகள் அதே தீயில் வெந்து கெட்டியாயின. ஏறத்தாழ 65 முத்திரைப் பதிவுகள் கிடைத்தன. அவற்றின் முன்புறத்தில் வணிகரின் முத்திரை காண்கின்றது. பின்புறத்திலோ கயிற்றின் முறுக்கும் பாயின் பின்னலும் துணியின் நெசவும் பதிந்துள்ளன. துணி மக்கிப் போயிற்று. கயிறும் எரிந்து போயிற்று. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மூட்டையைக் கட்டிய ஒரு தொழிலாளியின் கைவேலை மட்டும் அழியாமல் நிற்கின்றது. அரசர்களின் வரலாற்றை ஏடுகள் கூறும். மூட்டை கட்டியவனின் வரலாற்றை மண்ணன்றி வேறு எது கூறவல்லது?

தந்தத்தாலான ஓர் அளவுகோலும் லோத்தலில் கிடைத்தது. 46 மில்லிமீட்டர் நீளத்துக்குள் 27 பிரிவுகள் அதில் குறிக்கப்பட்டுள்ளன. ஒரு பிரிவு ஏறத்தாழ 1.7 மில்லிமீட்டர் ஆகும். பாரசீக வளைகுடாப் பகுதிக்கு உரிய வட்டமான முத்திரை ஒன்றும் கிடைத்தது. கடல் கடந்த வாணிகத்துக்கு அது சான்றாயிற்று.

ஊரின் கீழ்ப்புறத்தில் 200 மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் ஏறத்தாழ 36 மீட்டர் அகலமும் உடைய பெரிய செங்கல் தொட்டி உள்ளது. இது கப்பல்கள் வந்து தங்கிய துறை என்றார் ராவ். இல்லை, குடிநீருக்கும் பாசனத்துக்கும் அமைத்த நீர்த்தேக்கமே என்று 1968-இல் லெஷ்னிக் என்னும் அறிஞர் மறுத்தெழுதினார். வாதம் நெடுங்காலம் நீடித்தது. 2024-இல் காந்திநகர் ஐ.ஐ.டி.யின் ஆய்வாளர்கள், செயற்கைக்கோள் படங்களின் துணையால், முற்காலத்தில் சபர்மதி ஆறு லோத்தலை ஒட்டி ஓடியது என்று காட்டித் துறைமுகக் கருத்துக்கு வலுவூட்டினர். எழுபது ஆண்டுகளுக்கு முன் தோண்டிய தொட்டியைப் பற்றி இன்றும் புதிதாகச் சொல்ல இடமிருக்கின்றது. இத்துறை இளைஞர் உள்ளத்தை ஈர்ப்பதற்கு இதனினும் சிறந்த காரணம் வேண்டுமோ?

இனி, தமிழராகிய நம் நெஞ்சுக்கு நெருங்கிய ஒரு பொருளைக் கூறுவோம். லோத்தலில் மணி செய்யும் பட்டறையும், மணிகளைச் சூடேற்றும் உலையும் இருந்தன. செந்நிறமான சூதுபவளக் கல்லை உருட்டித் துளையிட்டு மணியாக்கினர். அத்தொழில் அருகிலுள்ள கம்பாத் நகரில் இன்றும் நடைபெறுகின்றது. பழைய மணிகள் எவ்வாறு செய்யப்பட்டன என்பதை அறிய, ஆய்வாளர்கள் கம்பாத்துத் தொழிலாளரிடம் சென்று கற்றுக்கொண்டனர். ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங் கரையிலுள்ள கொடுமணலின் ஈமக்குழிகளிலும், வைகைக் கரையிலுள்ள கீழடியிலும் சூதுபவள மணிகள் கிடைத்துள்ளன. அக்கல் குஜராத்துப் பகுதியிலிருந்தே சென்றிருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. நாம் தெற்கிலிருந்து வடக்கே வருவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர்க் கல் வடக்கிலிருந்து தெற்கே சென்றுவிட்டது!

எனினும், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. லோத்தல் சிறந்திருந்த காலத்துக்கும் கொடுமணல் சிறந்திருந்த காலத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி உண்டு. ஒரே வகைக் கல் கிடைத்தமையால் இரண்டும் ஒரே மக்களின் ஊர்கள் என்று முடிவு கட்டல் பொருந்தாது. சிந்துவெளி எழுத்துகளை அனைவரும் ஒப்புமாறு இன்னும் எவரும் படிக்கவில்லை. ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவன் பல்லாண்டுகள் உழைத்து அவ்வெழுத்துகளுக்குத் தொகுப்பு ஒன்றை 1977-இல் வெளியிட்டார். அம்மொழி திராவிட மொழியாகலாம் என்று அவர் கருதினார். ஆயினும், தம் கருத்தை ஐயத்துக்கு இடமில்லாத முடிவாக அவர் என்றும் முழங்கியதில்லை. தமிழின்மீது நமக்குள்ள பற்று மெய்யாயின், சான்று கூறும் அளவுக்கே பேசும் அவ்வடக்கத்தையும் நாம் கற்றல் வேண்டும்.

மாலையில் திரும்புங்கால், பதினோராம் வகுப்பில் பயிலும் ஒரு பெண், "அப்பா, நான் இதைப் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். தந்தை சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "இதைப் படித்தால் சோறு கிடைக்குமா அம்மா?" என்றார். வண்டியிலிருந்த பெற்றோர் அனைவரின் உள்ளத்திலும் இருந்த வினா அதுவே.

அதற்கு நேர்மையாக விடை கூறுவோம். இத்துறையில் பணியிடங்கள் குறைவு; காத்திருக்கும் ஆண்டுகள் மிகுதி. வெயிலிலும் கூடாரத்திலும் தங்க நேரும். குழியின் சுவர் சரியும் அபாயமும் உண்டு. தோண்டுவது சில மாதங்கள். தோண்டியதை அளந்து, வரைந்து, எழுதுவது பல ஆண்டுகள். லோத்தல் அகழ்வறிக்கையின் முதற்பகுதி 1979-இலும் இரண்டாம் பகுதி 1985-இலும்தான் வெளிவந்தன. விரைந்து பொருளீட்ட விரும்புவோர்க்கு ஏற்ற தொழில் அன்று இது.

ஆயினும் வழியே இல்லை என்பதும் உண்மையன்று. நமக்கு அண்மையில் வடோதராவின் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்திலும், புனேயின் டெக்கான் கல்லூரியிலும் தொல்லியல் கற்பிக்கப்படுகின்றது. முதுகலை முடித்தோர்க்குத் தொல்லியல் துறையே இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு நடத்துகின்றது. மத்திய, மாநிலத் துறைகளும், அருங்காட்சியகங்களும், பல்கலைக்கழகங்களும் பணி தருகின்றன. வரலாறு படித்தவர்க்கு மட்டும் உரிய துறையும் அன்று. மகரந்தத் துகளை ஆராயத் தாவரவியலார் வேண்டும். மண்ணடுக்கை அறிய நிலவியலார் வேண்டும். கரியின் காலத்தைக் கணிக்க இயற்பியலார் வேண்டும். கல்வெட்டைப் படிக்கத் தமிழ் கற்றவர் வேண்டும். பெண்ணுக்கு ஏற்குமோ என்று ஐயுறுவோர், 1981-இல் தேவலா மித்ரா என்னும் அம்மையார் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார் என்பதை நினைவு கொள்க.

நாம் ஊரை விட்டு வந்தது நம் மக்கள் நன்றாக வாழ வேண்டும் என்பதற்காக. அவர்கள் விரும்பும் நல்ல துறை ஒன்றை, அது நமக்குப் பழக்கமில்லாதது என்பதற்காக மட்டும் மூடிவிடுதல் தகுமா? அப்பெண்ணின் தந்தை அன்று முடிவு ஒன்றும் கூறவில்லை. ஆனால், மறுவாரம் அவளை வடோதராவுக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள துறையைப் பார்த்து வந்தார் என அறிந்தோம். நாம் மகிழ்ந்தோம். நாலாயிரம் ஆண்டுகளாகக் காத்திருந்த மண், அவள் படித்து வரும்வரை இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்கும்.