கிடங்கு கடல் கடந்து கிட்டங்கி ஆன கதை

கெடாவின் செர்டாங்கிலிருந்து பினாங்குக்குப் போகிறவர்கள் பட்டர்வொர்த்தில் படகேறி ஜார்ஜ் டவுனில் இறங்குவார்கள். பிரான்சிஸ் லைட் 1786இல் கெடா சுல்தானிடமிருந்து பெற்ற தீவு அது. கெடாவின் ஒரு துண்டு என்றே நாம் அதைப் பார்க்க வேண்டும். அங்கே மாரியம்மன் கோவிலையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும் பார்ப்பவர்கள், பினாங்கு வீதியின் கிட்டங்கிகளைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

கிட்டங்கி என்ற பெயர் கிடங்கு என்ற சொல்லிலிருந்து வந்தது. சங்க நூல்களில் கிடங்கு என்றால் அகழி. திண்டிவனத்துக்கு அருகே கிடங்கில் என்ற கோட்டை ஊரே இருந்தது. கிடத்தல் என்ற வினையோடு சேர்ந்த சொல் அது. பள்ளத்தைக் குறித்த சொல், பிறகு சரக்கு கிடக்கும் இடத்துக்கும் பெயராயிற்று. கப்பல் வணிகம் அதை மலாய்க்குக் கொண்டுபோக, அங்கே 'குடாங்' ஆனது. போர்ச்சுக்கீசியர் வாயில் 'குதாவ்ம்', ஆங்கிலேயர் வாயில் 'கோடவுன்'. அந்த ஆங்கிலச் சொல்தான் 'குடோன்' என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. சிங்களத்தின் 'குதாம', இந்தியின் 'கோதாம்' எல்லாம் இதே குடும்பம்தான்.

செட்டிநாட்டார் கிட்டங்கி என்ற வடிவத்தை விடவில்லை. ஆனால் பொருள் மாறிவிட்டது. பினாங்கு வீதியின் கிட்டங்கியில் மூட்டைகள் இல்லை. நீளமான ஒரே கூடத்தில் பல விலாசத்தார், அதாவது தனித்தனி வட்டிக்கடைக்காரர்கள், அடுத்தடுத்து உட்கார்ந்து வட்டித்தொழில் செய்தார்கள். ஆளுக்கொரு தாழ்ந்த மரப்பெட்டி. அதுவே மேசை, அதுவே கல்லா. ஊரிலிருக்கும் முதலாளிக்காக மேலாள் பொறுப்பேற்பார். அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். மூன்றாண்டுக் கணக்கு முடிந்தால் ஊர் திரும்பலாம். மனைவி மக்கள் செட்டிநாட்டில். உணவும் உறக்கமும் கிட்டங்கியில். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் போன கடன் இந்தப் பெட்டிகளின் மேல்தான் எழுதப்பட்டது. சரக்கு கிடந்த இடத்தின் பெயரை, கணக்கும் காசும் மனிதரும் கிடந்த இடம் எடுத்துக்கொண்டது. எனக்கு இது மிகப் பொருத்தமாகவே படுகிறது.

செட்டிநாட்டாரின் தைப்பூச வெள்ளி ரதம் இன்றும் அதே வீதியின் கோவில் வீட்டிலிருந்துதான் தண்ணிமலை முருகன் கோவிலுக்குப் புறப்படுகிறது. ரதம் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், அந்தக் கிட்டங்கிகள் இருந்த கடைவீடுகளைக் காட்டிக் கிட்டங்கி என்ற சொல்லையும் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் குடோன் என்பதை விட்டுக் கிடங்கு என்றே பேசுங்கள்.