நாகஸ்வரக்காரர் மகனும் சாக்ஸபோனும்

அண்ணாமலை நகரில் இன்ஜினியரிங் தொடங்கியது 1945-ல். இசைக் கல்லூரியோ 1929-லேயே வந்துவிட்டது. அந்த வகையில் அவர்கள் நமக்கு சீனியர்! ஆகவே இம்மலரில் ஒரு இன்ஜினியர் இசையைப் பற்றி எழுதுவதை நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கடலூர்ப் பக்கக் கல்யாணங்களில் காலையில் நாகஸ்வரம், மாலை ரிசப்ஷனில் சாக்ஸபோன் என்பது நாம் பார்த்ததுதான். இரண்டையும் ஒரே மனிதருக்குள் சேர்த்தவர் கத்ரி கோபால்நாத். 1949-ல் மங்களூர் அருகே பிறந்தவர். அப்பா தனியப்பா நாகஸ்வரக் கலைஞர். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டதும் மனசு அதில் போய்விட்டது. மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், பிறகு சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பாடம்.

இதில் என்ன கஷ்டம்னு கேட்கலாம். நாகஸ்வரத்தில் விரலே துளையை மூடுகிறது. பாதி திறந்து, மெல்ல நகர்த்தி கமகம் கொண்டுவரலாம். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே நெம்புகோலும் மூடியும் இருக்கு. 1846-ல் பேடன்ட் வாங்கிய அடால்ஃப் சாக்ஸ் தோடியையா நினைத்திருப்பார்? இரண்டுமே கூம்பு வடிவக் குழல்கள்தான். ஆனால் இங்கே வளைவு, குழைவு எல்லாவற்றிலும் பெரும்பங்கை உதடும் மூச்சும்தான் சுமக்கணும். ரீடை உதடு கொஞ்சம் கூடுதலாக அழுத்தினாலும் சுருதி நகர்ந்துவிடும். அந்தக் குறையையே கோபால்நாத் கமகத்துக்கு வழியாக்கிக்கொண்டார்.

1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டியோடு மேடையேறினார். 2008-ல் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 'கின்ஸ்மென்' என்ற இசைத்தட்டு. ஜாஸ்காரர்களோடு வாசித்தாரே ஒழிய, ராகத்தை விட்டு இறங்கவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

நம்ம ஊருக்கு அவரைத் தெரியவைத்தது என்னவோ சினிமாதான். 1994-ல் கே. பாலசந்தரின் 'டூயட்'. திரையில் ஊதியவர் பிரபு, ஏ.ஆர். ரஹ்மானின் ஒலிப்பதிவில் கோபால்நாத். அவர் கல்யாண வசந்தம் வாசித்ததும் அந்தப் படத்துக்குத்தான். ராஜு என்ற இன்னொரு சாக்ஸபோன் கலைஞரும் அதில் வாசித்திருக்கிறார். ஸ்டுடியோவில் ஊதுகிறவர்களுக்கு வழக்கமாக நடப்பதுபோல, அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை. அதே வருடம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி. ப்ராம்ஸ் கச்சேரிக்கும் கோபால்நாத் போனார். இங்கே அதைப் பேசியவர்கள் குறைவு!

2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபர் 11 அன்று மங்களூரில் காலமானார். ஏ. கன்யாகுமாரியின் வயலினோடு அவர் வாசித்த கச்சேரிப் பதிவுகள் கிடைக்கின்றன. சிதம்பரத்திலிருந்து ஊர் திரும்பும்போது வண்டியில் போட்டுக் கேளுங்கள்.