மாதிரி ரயில் கண்காட்சிகளும் தொலைதூரப் பயணமும்

மாதிரி ரயில் கண்காட்சி என்பது, உண்மையான ரயில்களைக் குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிச் செய்த மாதிரிகளை ஓட்டிக் காட்டவும், விற்கவும், செய்முறையைக் கற்றுத்தரவும் நடத்தப்படும் பொது நிகழ்வு ஆகும். பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் இது பரவலாக நடைபெறுகிறது. பெரும்பாலான கண்காட்சிகள் ஆண்டுக்கு ஒருமுறை, சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களுக்கு மட்டுமே நடக்கும். அதனால் தொலைவில் வாழும் ஆர்வலர் ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி எழுகிறது: ஆகும் செலவுக்கும் அலைச்சலுக்கும் அந்தப் பயணம் தகுமா? இக்கேள்விக்கான விடை காலந்தோறும் மாறிவந்துள்ளது. அந்த மாற்றத்தின் வழியே இக்கலையின் வரலாற்றையும் அறியலாம்.

தோற்றம்

ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891-இல் லைப்சிக் சந்தையில், தண்டவாள இடைவெளியை நிலையான அளவுகளில் வகுத்த பொம்மை ரயில்களை அறிமுகப்படுத்தியது. அதன்பின் பொம்மை ரயில் என்பது ஒருமுறை வாங்கி முடிக்கும் பொருளாக இல்லாமல், பெட்டிகளையும் பாதைகளையும் சேர்த்துக்கொண்டே போகக்கூடிய தொகுப்பாக மாறியது. பெரியவர்களும் இதில் ஈடுபடத் தொடங்கினர். லண்டனில் 1910-இல் மாதிரி ரயில் மன்றம் தொடங்கப்பட்டது. இன்றும் இயங்கிவரும் இது, உலகின் மிகப் பழைய மாதிரி ரயில் சங்கமாகக் கருதப்படுகிறது. இம்மன்றம் பல ஆண்டுகள் வெஸ்ட்மின்ஸ்டர் சென்ட்ரல் ஹாலில் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டிக் கண்காட்சி நடத்தியது.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரம் இக்கலையின் மையமாக உருவானது. ஆல்பர்ட் கால்ம்பாக் அங்கிருந்து 1934 ஜனவரியில் 'மாடல் ரெயில்ரோடர்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அதே நகரில் தேசிய மாதிரி ரயில் சங்கம் பிறந்தது. அக்காலத்தில் ஒரு நிறுவனத்தின் சக்கரம் மற்றொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் சரியாக ஓடாது. பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளும் ஒன்றோடொன்று பொருந்தா. சங்கம் இவற்றுக்குப் பொது அளவுகளை வகுத்தது. ஓர் ஊரில் செய்த ரயில் வேறோர் ஊரின் பாதையில் ஓட வழி பிறந்தது. சங்கத்தின் தேசிய மாநாடு ஆண்டுதோறும் வெவ்வேறு நகரங்களில் நடைபெறுவதால், ஓர் ஆண்டு அருகில் இருப்பது மறு ஆண்டு நெடுந்தொலைவுக்குப் போய்விடும். பயணம் பற்றிய கணக்கும் அன்றிலிருந்தே தொடர்கிறது.

எடுத்துச் செல்லும் பாதைகள்

தொடக்க காலத்தில் சிறந்த மாதிரிப் பாதைகள் பல வீடுகளின் நிலவறைகளிலேயே இருந்தன. அவற்றைப் பெயர்த்து எடுக்க முடியாது. பார்க்க விரும்பினால் அங்கே போக வேண்டும். கலிபோர்னியாவின் மான்டெரே நகரில் ஜான் ஆலன் அமைத்த 'கோரி அண்ட் டெஃபீட்டட்' மாதிரிப் பாதை இதழ்களின் வழியே உலகப் புகழ் பெற்றது. 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் ஏற்பட்ட தீவிபத்தில் அது அழிந்துபோனது. அதன்பின் அதைக் காண ஒளிப்படங்களும் திரைப்பதிவுகளும் மட்டுமே எஞ்சின.

அதே 1970-களில் கலிபோர்னியாவில் உருவான 'என்ட்ராக்' முறை இந்நிலையை மாற்றியது. 1:160 விகிதம் கொண்ட, 'என்' எனும் ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் அளவுக்கானது இது. ஒவ்வொருவரும் 2 அடி அகலமும் 4 அடி நீளமும் கொண்ட ஒரு மேடைத் துண்டை வீட்டில் செய்வார். அதன் முன்பக்கத்தில் மூன்று தண்டவாளப் பாதைகள் வரையறுத்த இடத்தில் அமைந்திருக்கும். கண்காட்சி அரங்கில் பல ஊர்க்காரர்களின் துண்டுகள் வரிசையாக இணைக்கப்பட்டு ஒரே பெரும்பாதையாகிவிடும். பிற அளவுகளுக்கும் இத்தகைய முறைகள் வந்தன.

இதன் பயனை ஒரு கணக்கால் அறியலாம். அமெரிக்காவின் 50 அடி மூடிய சரக்குப் பெட்டி, கொக்கிகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 17 மீட்டர் நீளம் இருக்கும். 1:87 விகிதம் கொண்ட எச்.ஓ. அளவில் அது 19 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அத்தகைய 100 பெட்டிகளைக் கோத்தால் ரயிலின் நீளம் 19 மீட்டரைத் தாண்டும். சாதாரண வீட்டில் அதை ஓட்ட இடமில்லை. நெடுந்தொலைவிலிருந்து மேடைத் துண்டுகளைக் கொண்டுவந்து சேர்க்கும் கண்காட்சியில்தான் அப்படிப்பட்ட ரயில் முழுதாக ஓடும். எனவே பார்வையாளர் மட்டுமல்ல, பாதை அமைத்தவரும் பயணம் செய்தால்தான் கண்காட்சி நடைபெற முடியும்.

மேற்கு ஸ்பிரிங்ஃபீல்டு: ஓர் எடுத்துக்காட்டு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆம்ஹர்ஸ்ட் ரயில்வே சங்கம் நடத்தும் கண்காட்சி அந்நாட்டின் மிகப் பெரிய கண்காட்சிகளுள் ஒன்று. மேற்கு ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் பொருட்காட்சித் திடலில், ஜனவரி மாத இறுதியில், நான்கு பெரிய கட்டடங்களில் இது நடைபெறுகிறது. இரண்டு நாட்களில் 20,000-க்கும் மேற்பட்டோர் வருவது வழக்கம். வருவாயில் ஒரு பகுதி பழைய ரயில்களையும் நிலையங்களையும் பாதுகாக்கும் அமைப்புகளுக்கு நன்கொடையாகச் செல்கிறது.

பாஸ்டனில் இருப்பவருக்கு இவ்விடம் சுமார் 145 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பலாம். ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் இருப்பவருக்கோ சுமார் 900 கிலோமீட்டர். குறைந்தது இரண்டு இரவுகள் வெளியே தங்க வேண்டும். ஜனவரியில் ஈரி ஏரிக் கரையை ஒட்டிய நெடுஞ்சாலையில் கடும் பனிப்பொழிவும் இருக்கும். நுழைவுச்சீட்டு இருவருக்கும் ஒரே விலைதான். ஆனால் இரண்டாமவருக்குச் சீட்டின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறு பகுதியாகிவிடுகிறது. ஆகவே சீட்டின் விலையைக் கொண்டு ஒரு கண்காட்சியின் செலவை மதிப்பிடுவது பொருந்தாது.

பயணத்தை எடைபோடுதல்

ஆர்வலர்கள் கண்காட்சிக்குச் செல்வதற்கான காரணங்கள் மூன்று வகைப்படும். அவை வாங்குதல், பார்த்தல், பழகுதல்.

வாங்குதல் ஒரு காலத்தில் வலுவான காரணமாக இருந்தது. உள்ளூர்க் கடையில் இல்லாத எஞ்சினும் உதிரிப் பாகமும் கண்காட்சி மேசையில் கிடைக்கும். அஞ்சல்வழி விற்பனையும் பின்னர் இணைய விற்பனையும் இக்காரணத்தை வலுவிழக்கச் செய்தன. புதிய பொருளை வாங்குவதற்காக மட்டும் 900 கிலோமீட்டர் செல்வது இன்று இலாபமாகாது. எனினும் பழைய பொருட்களைக் கையில் எடுத்து, சக்கரத்தைச் சுழற்றி, கீறல்களைப் பார்த்து வாங்க விரும்புவோருக்கு நேரில் செல்வதே பாதுகாப்பு.

பார்த்தலின் மதிப்பு அவ்வளவாகக் குறையவில்லை. படத்தில் எல்லா அளவுகளும் ஒன்றுபோலத் தோன்றும். ஒரு கிலோமீட்டர் பாதைக்கு எச்.ஓ. அளவில் சுமார் 11.5 மீட்டர் இடமும், 1:160 அளவில் 6.25 மீட்டர் இடமும் தேவை. வீட்டில் எந்த அளவில் பாதை அமைப்பது என்று முடிவெடுக்காத புதியவர், இரண்டையும் அருகருகே பார்த்தால் ஒரே நாளில் தெளிவு பெறுவார். தவறான அளவைத் தேர்ந்து சில ஆண்டுகள் கழித்து எல்லாவற்றையும் விற்பதைவிடப் பயணச் செலவு குறைவு.

பழகுதல் மூன்றாவது காரணம். மின் இணைப்பு தருவது, மரம் செய்வது, வண்ணம் பூசிப் பழமைத் தோற்றம் தருவது போன்றவற்றைச் செய்தவரிடமே கேட்டறியலாம். பாதைக்குப் பின்னால் நிற்கும் ஒருவர் பிசகைத் திருத்துவதைப் பார்ப்பதும் ஒரு பாடமே.

எனவே புறப்படும் முன் அறிய வேண்டியது அரங்கின் பரப்பளவை அன்று. ஓடும் பாதைகள் எத்தனை, விற்பனை மேசைகள் எத்தனை, தாம் விரும்பும் அளவில் எவ்வளவு உள்ளது, செய்முறை வகுப்புகள் உண்டா, வழியில் ரயில் அருங்காட்சியகம் ஏதேனும் உண்டா என்பவற்றைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் விற்பனை மேசைகளே கொண்ட தொலைதூரக் கண்காட்சியைவிட, பத்துப் பாதைகள் ஓடும் உள்ளூர்க் கண்காட்சி மேலானதாக இருக்கலாம்.

வார்லி கண்காட்சியின் முடிவு

இங்கிலாந்தின் வார்லி மாதிரி ரயில் மன்றம் 1993 முதல் பர்மிங்காம் தேசியக் கண்காட்சி மையத்தில் ஆண்டுதோறும் நவம்பரில் பெரும் கண்காட்சி நடத்திவந்தது. மையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருந்ததால் தொலைவிலிருந்து வருவது எளிது. 2023 நவம்பரில் நடந்ததே கடைசியானது. இனி நடத்த இயலாது என்று மன்றம் 2024 ஜனவரியில் அறிவித்தது.

பார்வையாளர் வராமல் போனதால் இம்முடிவு எடுக்கப்படவில்லை. இத்தகைய கண்காட்சியைச் சம்பளமில்லாத் தொண்டர்களே நடத்துகின்றனர். அரங்கு பிடிப்பது, பாதை உரிமையாளர்களின் பயணத்துக்கும் தங்கலுக்கும் ஏற்பாடு செய்வது, மேசை போடுவது, வழிகாட்டுவது என வேலைகள் ஆண்டு முழுவதும் உண்டு. முதிர்ந்த உறுப்பினர்கள் விலகும்போது பொறுப்பேற்க ஆள் போதாமையே முதன்மைக் காரணம். 'அடுத்த ஆண்டு போகலாம்' என்று தள்ளிவைத்தவர்களுக்கு அந்த அடுத்த ஆண்டு வரவேயில்லை.

இதற்கு மாறானது ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறக்கப்பட்ட 'மினியாட்டூர் வுண்டர்லாண்ட்'. இது நிலையான காட்சியகம். ஆண்டு முழுவதும் சம்பளப் பணியாளர்களால் இயங்குகிறது. அங்கே செல்வதைத் தள்ளிவைப்பதால் பெரிய இழப்பில்லை. இரண்டு நாள் கண்காட்சிகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மதிப்பீடு

பொருள் வாங்கும் இடமாக மட்டும் பார்த்தால் தொலைதூரக் கண்காட்சிப் பயணம் இன்று பெரும்பாலும் நட்டமே. கூடி ஓட்டும் இடமாகவும் கற்கும் இடமாகவும் பார்த்தால் அதற்கு ஈடு வேறில்லை. ஆண்டுதோறும் செல்ல வேண்டியதில்லை. தேர்ந்தெடுத்த ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்றாலும் போதும். பார்வையாளராகச் செல்பவர்களுள் சிலர் பின்னர் மேடைத் துண்டு செய்பவர்களாகவும் மேசை சுமக்கும் தொண்டர்களாகவும் மாறுகின்றனர். அத்தகையோர் தொடர்ந்து வருவதைப் பொறுத்தே அடுத்த ஆண்டும் கண்காட்சி நடைபெறும்.