கடனாளியும் அரச இரகசியமும்

அரசாங்கத்தின் இரகசியக் கடிதங்களைக் கையாளும் பதவிக்கு மனுச் செய்பவரிடம் கேட்கப்படும் கேள்விகள் பல. பிறந்த ஊர் எது, உறவினர் எந்நாட்டில் வாழ்கின்றனர், முன்னர் தண்டனை பெற்றதுண்டோ என்பன எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால், “தவணை தவறிய கடன் உண்டோ?” என்னும் கேள்வி பலருக்கு வியப்பையும் சிலருக்கு வேதனையையும் அளிக்கும். கடைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய பணத்துக்கும் நாட்டின் பாதுகாப்புக்கும் என்ன தொடர்பு? கடன்படாத குடும்பங்கள் உலகில் எத்தனை? இதற்கு விடை வரலாற்றிலே கிடைக்கிறது. அக்கேள்வியைக் கேளாது விட்டமையால் விளைந்த கேடும், அதனைப் பிழையாகக் கேட்டால் விளையக்கூடிய அநீதியும் அங்கே ஒருங்கே காணக்கிடக்கின்றன.

அமெரிக்க விடுதலைப் போரிலே பெரும்புகழ் ஈட்டிய தளபதிகளுள் ஒருவர் பெனடிக்ட் ஆர்னல்ட். 1777ஆம் ஆண்டில் சரட்டோகாப் போரிலே காலிற் காயமுற்ற இவரை, மறு ஆண்டில் வாஷிங்டன் பிலடெல்பியா நகரின் இராணுவ ஆளுநராக நியமித்தார். அங்கே ஆர்னல்ட் தம் வருவாய்க்கு மிஞ்சிய வாழ்க்கை நடத்தினார். மாளிகை, வண்டி, விருந்து எனச் செலவு வளர்ந்தது. கடனும் உடன் வளர்ந்தது. போர்க்களத்திலே தாம் செலவிட்ட பணத்தை அரசு திருப்பித் தரவில்லை என்பது அவருடைய முறைப்பாடு. கணக்கைப் பரிசீலித்த அரசோ, அவரே பணம் செலுத்த வேண்டியவர் என்று முடிவு கூறிற்று. 1779ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பிரித்தானியரோடு இரகசியமாகப் பேரம் பேசத் தொடங்கினார். வெஸ்ட் பொயின்ட் கோட்டையைக் காட்டிக்கொடுக்க அவர் கேட்ட விலை 20,000 பவுண். 1780ஆம் ஆண்டு செப்டெம்பரில் சதி வெளிப்பட்டது, ஆர்னல்ட் தப்பியோடினார். பதவியுயர்வு கிடையாத மனக்கசப்பும் அவரை உந்திற்று என்பர் வரலாற்றாசிரியர். கடன் ஒன்றே துரோகத்தை விளைவிப்பதில்லை. ஏற்கெனவே உள்ள மனக்கசப்புக்கு அது ஒரு விலையைக் குறித்துக் கொடுக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிரான்சு தேசத்திலே இதனினும் கொடிய படிப்பினை ஒன்று கிடைத்தது. அந்நாட்டு இராணுவத்தில் மேஜராக இருந்த எஸ்டர்ஹாசி சூதாட்டத்திலும் பங்குச் சந்தையிலும் பணத்தை இழந்தவர். மனைவியின் சீதனத்தையும் கரைத்தவர். 1894ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் பாரிஸ் நகரிலிருந்த ஜேர்மன் தூதராலயத்தின் இராணுவ அதிகாரியிடம் சென்று, பணத்துக்கு இரகசியங்களைத் தர முன்வந்தார். அவர் கைப்பட எழுதிய கடதாசியொன்று தூதராலயத்தின் குப்பைக் கூடையிலிருந்து பிரெஞ்சு உளவுப் பகுதியினரை வந்தடைந்தது. துரோகி யார் என்று தேடியவர்கள், கடனில் மூழ்கியவர் எவர் என்று நோக்கவில்லை. யூத குலத்தவரான கப்டன் டிரெய்பஸ் மீது பழி சுமத்தினர்.

டிரெய்பஸ் நெசவாலைகள் உடைய செல்வக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பணத்துக்காக நாட்டை விற்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இக்குறையை நிரப்ப விரும்பிய அதிகாரிகள் அவரைச் சூதாட்டக்காரரென்று காட்ட முயன்றனர். பாரிஸ் பொலிசார் விசாரித்தபோது, அப்பேச்சு அதே பெயருடைய வேறொருவரைப் பற்றியதென்று தெரியவந்தது. ஆயினும் அந்த உண்மை அவரைக் காக்கவில்லை. 1894ஆம் ஆண்டு டிசெம்பரில் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டுப் பிசாசுத் தீவுக்கு அனுப்பப்பட்டார். 1898ஆம் ஆண்டு ஜனவரியில் எஸ்டர்ஹாசி இராணுவ நீதிமன்றத்தினால் விடுதலை செய்யப்பட்டார்; இரு நாட்களின் பின் எமிலி சோலாவின் புகழ்பெற்ற பகிரங்கக் கடிதம் வெளிவந்தது. டிரெய்பஸ் குற்றமற்றவர் என்பது 1906ஆம் ஆண்டிலேதான் முடிவாக நிலைநாட்டப்பட்டது. பிறப்பைப் பார்த்துச் சந்தேகித்தவர்கள் நடத்தையைப் பாராது விட்டனர்.

இரண்டாம் உலகப் போரின் பின் ஐக்கிய அமெரிக்காவிலே இரகசியங்களைக் கையாளும் உத்தியோகத்தர் தொகை பெருகிற்று. அவர்களை ஆராய்ந்து ‘பாதுகாப்பு அனுமதி’ வழங்கும் முறையும் விரிவடைந்தது. 1953ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் பிறப்பித்த 10450ஆம் இலக்கக் கட்டளை, பிறருடைய நெருக்குதலுக்கு ஆளாகக்கூடிய நிலைமை ஒருவருக்கு உண்டோ என்பதையும் ஆராயவேண்டுமெனக் கூறிற்று. எனினும் அக்காலத்து அச்சம் பெரும்பாலும் அரசியற் கொள்கை பற்றியதே. ஒருவர் எந்தக் கூட்டத்துக்குச் சென்றார், எந்தப் பத்திரிகையை வாசித்தார் என்று துருவி ஆராய்ந்தனர். பணத்துக்காக மட்டுமே துரோகம் செய்பவன் இவ்வலையிற் சிக்குவதில்லை.

அத்தகையவர்களை 1985ஆம் ஆண்டு அமெரிக்கர் தம் வீட்டுக்குள்ளேயே கண்டனர். தேசியப் பாதுகாப்பு நிறுவனத்திலே பதினான்கு ஆண்டுகள் பணியாற்றிய ரொனால்ட் பெல்டன் அவர்களுள் ஒருவர். அவர் 1979ஆம் ஆண்டில் வங்குரோத்து அடைந்து பதவியை விட்டு விலகினார். 1980ஆம் ஆண்டு ஜனவரியில் வாஷிங்டனிலுள்ள சோவியத் தூதராலயத்தை அணுகினார். அவரிடம் களவெடுத்த பத்திரம் ஏதும் இருக்கவில்லை. நினைவிலிருந்தவையே அவர் விற்ற சரக்கு. ஒக்கோட்ஸ்க் கடலின் அடியிலே சோவியத் தந்திக் கம்பிகளை அமெரிக்கர் ஒற்றுக்கேட்டு வந்த பெருமுயற்சி இவரால் வெளிப்பட்டது. அதற்கெல்லாம் அவர் பெற்றது ஏறக்குறைய 35,000 டொலர். கடன்பட்டவன் தன்னிடமுள்ள பொருளை அதன் பெறுமதிக்கு விற்பதில்லை. தன் அவசரத்துக்கு விற்கிறான்.

ஆல்ட்ரிச் ஏம்ஸ் என்பவரின் கதை மற்றொரு பாடத்தைத் தந்தது. மத்திய உளவு நிறுவனத்தில் உயர் பதவி வகித்த இவர், மணமுறிவினாலும் வீண் செலவினாலும் கடனுற்று, 1985ஆம் ஆண்டில் சோவியத் தரப்புக்கு ஒற்றரானார். கடன் விரைவிலே தீர்ந்தது. 1989ஆம் ஆண்டில் 540,000 டொலர் பெறுமதியுள்ள வீட்டை ரொக்கப்பணம் கொடுத்து வாங்கினார். மனைவியின் குடும்பத்தார் செல்வந்தர் என்ற அவரது சமாதானம் நெடுங்காலம் நம்பப்பட்டது. 1994ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவர் கைதாகுமுன், அவராற் காட்டிக்கொடுக்கப்பட்ட பலர் சோவியத் நாட்டிலே கொல்லப்பட்டனர். தீராத கடனைப் பற்றி மட்டும் விசாரித்தாற் போதாது, கடன் தீர்ந்த விதத்தையும் விசாரிக்க வேண்டும் என்பதை அமெரிக்க அரசு அப்பொழுது உணர்ந்தது. 1995ஆம் ஆண்டில் ஜனாதிபதி கிளிண்டன் பிறப்பித்த 12968ஆம் இலக்கக் கட்டளை, முக்கிய பதவியினர் தம் பணநிலையை வெளிப்படுத்த வேண்டுமென விதித்தது.

2017ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அமெரிக்க விதிகளில் பதின்மூன்று தலைப்புக்கள் உள. அவற்றுள் ஆறாவது பணநிலை பற்றியது. இத்தனை டொலருக்கு மேற் கடன்பட்டவர் தகுதியற்றவர் என்று அவ்விதி எல்லை எதனையும் வகுக்கவில்லை. அது இரண்டு காரணங்களுக்காகக் கடனை நோக்குகிறது. பண நெருக்கடி ஒருவரைத் தவறான வழிக்குத் தூண்டக்கூடும் என்பது ஒன்று. கொடுத்த வாக்கைக் காப்பதில் அசட்டையாயிருப்பவர் இரகசியத்தைக் காப்பதிலும் அசட்டையாயிருக்கக்கூடும் என்பது மற்றொன்று. மறுபுறத்திலே, வேலையிழப்பு, எதிர்பாராத நோய், மரணம், மணமுறிவு போன்ற தம் வசமல்லாத காரணங்களால் கடனுற்றவர், பொறுப்போடு நடந்துகொண்டாரென்றால் அது அவருக்குச் சாதகமாகும். கடன் கொடுத்தவரோடு பேசித் தவணை முறையில் ஒழுங்காகச் செலுத்தி வருவதும் அத்தகையதே. ஆனால் விண்ணப்பப் பத்திரத்திலே கடனை வேண்டுமென்றே மறைப்பது வேறொரு குற்றமாகும். சிறிய கடனை ஒளித்தவர் பெரிய கடனை ஒப்புக்கொண்டவரிலும் ஆபத்தான நிலையில் நிற்கிறார்.

இவ்விதிகள் எளிய மக்களின் பிழைப்பைத் தொடுகின்றன. கப்பற்றளத் தொழிலாளிக்கும், களஞ்சியக் காப்பாளருக்கும், படைவீரருக்கும் அனுமதி பறிபோனால் உத்தியோகமும் பறிபோதல் கூடும். 1959ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம், முகந்தெரியாத சாட்சிகளின் சொற்கொண்டு ஒரு பொறியியலாளரின் அனுமதியைப் பறித்தது முறையன்று எனத் தீர்த்தது. அவர் மீதிருந்த ஐயம் அரசியல் பற்றியது. எனினும் அத்தீர்ப்பைத் தொடர்ந்து 1960ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விசாரணை முறை, தனியார் தொழிலகங்களிலே பணிபுரியும் கடனாளிக்கும் தன் கதையைச் சொல்ல இடமளித்தது. ஆயினும், இத்தகைய அனுமதி எவருக்கும் உரிமையன்று என 1988ஆம் ஆண்டில் அதே நீதிமன்றம் கூறிற்று. ஐயம் எழுமிடத்து அது நாட்டின் பக்கமே சாயும்.

அரசே கடனுக்குக் காரணமாகும் காலமும் உண்டு. வரவுசெலவுப் பிணக்கினால், 2018ஆம் ஆண்டு டிசெம்பர் தொடக்கம் 2019ஆம் ஆண்டு ஜனவரி வரை 35 நாட்கள் அமெரிக்க அரசு ஊழியர் பல இலட்சம் பேர் சம்பளமின்றி இருந்தனர். கடன் தவணை தவறினால் தம் பாதுகாப்பு அனுமதிக்குப் பழுது வருமோ என அந்நாட்டுப் புலனாய்வு அலுவலரின் சங்கமே கவலை தெரிவித்தது. அரசு தமக்குத் தரவேண்டியதைத் தரவில்லை என்று ஆர்னல்ட் முறையிட்ட காலத்திலிருந்து இரண்டு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தும், அக்குரல் முற்றாக ஓயவில்லை. காவலனின் கடனை விசாரிக்கும் அரசுக்கு, அவன் சம்பளத்தை உரிய நாளிற் கொடுக்கும் கடமையும் உண்டு.

எஸ்டர்ஹாசியின் கடனை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஏம்ஸின் பழைய கடனோ அவர் கைதாகுமுன்னரே தீர்ந்துவிட்டது. ஆகவே கடனின் தொகையைக் கொண்டு மனிதரை அளத்தல் இயலாது. கடன்காரரின் கடிதத்தைப் பிரித்துப் படித்து, இவ்வளவே இயலும் என்று மறுமொழி எழுதி, மாதந்தோறும் சிறு தொகையேனும் செலுத்துபவர் ஒருவர். அக்கடிதத்தைப் பிரியாமலே மேசை அறைக்குள் ஒளிப்பவர் மற்றொருவர். இருவருக்கும் ஒரே கடன் இருக்கலாம். நாட்டின் இரகசியத்தை யாரிடம் ஒப்படைக்கலாம் என்பதை அக்கடிதமே தெரிவிக்கிறது.